மதகடியில் தொலைந்த இரும்பு உண்டை

ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறானா என்று பென்ஷன் பிரிவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அது இல்லையென்றால் ஏதாவது விழாவாக இருக்கும். எனக்கு வந்தது விழா.

போனில் பேசியவர் சரண்யா. நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனுக்கு இப்போது அவர்தான் மாஸ்டர். அரூர்ப் பக்கத்துப் பெண். மரியாதையாகப் பேசுவார், பாதி சொன்னால் மீதியைப் புரிந்துகொள்வார்.

"சார், நம்ம ஸ்டேஷனைப் புதுப்பிச்சு முடிச்சாச்சு. பெரிய அதிகாரி வந்து திறந்து வெக்கிறாருங்க. நம்ம ரூம்ல பேப்பர் பறக்காம இருக்க ஒரு பழைய டோக்கன் உண்டையை வெச்சிருந்தாங்கல்ல, அதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாரம்பரியச் சின்னம்னு போர்டு போடறோம். கீழ எழுத நாலு வரி வேணும் சார்."

"நாலு வரி போதுமாம்மா?"

"போர்டு சைஸே அவ்ளோதான் சார்."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. நிர்வாகம் ஒரு பொருளைப் பாரம்பரியம் என்று கொண்டாட ஆரம்பித்தால், அந்த வகையில் மீதி எல்லாவற்றையும் ஏற்கனவே கழற்றி எடைக்குப் போட்டாகிவிட்டது என்று பொருள். நாலு வரி எழுதி அனுப்பினேன். ஒற்றைப்பாதையில் டிரைவருக்கு அனுமதியாக இந்த உண்டை கொடுக்கப்பட்டது, இன்னின்ன ஸ்டேஷன்களுக்கு நடுவில் பயன்பட்டது என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று படித்துவிட்டு நகர்ந்து போகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அது ஒருமுறை காணாமல் போனதையும் திரும்பக் கிடைத்த விதத்தையும் எழுத அந்தப் போர்டில் இடமில்லை. இங்கே இருக்கிறது.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பக்கமிருந்து ஓமலூர் வழியாக மேடேறி, தருமபுரியைத் தொட்டு, ஓசூர், பெங்களூர் என்று போகிற ஒற்றைப்பாதையில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது மீட்டர் கேஜ். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் எல்லா ஊரிலும் நிற்கும். தக்காளிக் கூடையும் புளி மூட்டையும் ஏறும். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாவகாசமாக வெற்றிலை போட்டு முடித்துவிட்டு ஏறுவார்கள், கார்டு கொடியைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார். அது பின்தங்கிய நிலைமை என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது. அகலப்பாதை போடப் போகிறோம் என்று பாதையை மூடினார்கள். மூடியது மூடியபடியே வருஷக்கணக்கில் கிடந்தது. அந்த வருஷங்களில் ரயில்வேயின் முன்னேற்றத்துக்காக மனமுருகி வேண்டிக்கொண்டவர்கள் இந்த ஜில்லாவின் பஸ் முதலாளிகளாகத்தான் இருப்பார்கள். கடைசியில் பாதை திறந்தது. வந்த புது வண்டிகள் எங்கள் ஸ்டேஷனில் நிற்கவில்லை. பெங்களூர் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாயிற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை பார்க்கக் கிடைத்தது.

பயிற்சிப் பள்ளியில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடுகிற ரயில் ஆபத்து, நிற்கிற ரயில் பாதுகாப்பு. ஆகவே எந்த ரயிலையும் நிறுத்திவைக்கத் தக்க காரணம் கைவசம் வைத்திருப்பவன் நல்ல ஸ்டேஷன் மாஸ்டர். தலையணை அளவு விதிப்புத்தகம் கொடுத்தார்கள். அதைத் தலையணையாகவும் பயன்படுத்தினோம்.

அந்தப் புத்தகத்தின் இதயம் இந்த உண்டைதான். களி உண்டை அளவில் இருக்கும், இரும்பு, மேலே இரண்டு ஸ்டேஷன்களின் பெயர் வெட்டியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு இயந்திரம். இரண்டையும் கம்பி இணைத்திருக்கும். இரண்டுக்குள்ளும் உண்டைகள் இருந்தாலும், ஒன்று வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்பப் போடுகிற வரை இரண்டு பக்கமும் அடுத்தது வராது. உண்டை எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் நடுவில் இருக்கிற பாதையில் போகலாம். எதிரே வேறு வண்டி வர வழியே இல்லை. கையில் உண்டை இல்லாவிட்டால் மந்திரியே பக்கத்தில் உட்கார்ந்து போகச் சொன்னாலும் டிரைவர் நகர மாட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் முழுசாக மதித்த ஒரே மேலதிகாரி அந்த இரும்பு உண்டைதான்.

நிற்காத வண்டிக்கு உண்டையை எப்படிக் கொடுப்பது, எப்படி வாங்குவது? பிரம்பு வளையம் ஒன்று, அதில் ஒரு தோல் பை, பைக்குள் உண்டை. பாயின்ட்ஸ்மேன், அதாவது சிக்னல், பாதை மாற்றும் வேலைகளைப் பார்க்கிறவர், வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடுகிற இன்ஜினிலிருந்து உதவி டிரைவர் கையை நீட்டி அதை மாட்டிக்கொண்டு, பின்னால் கடந்துவந்த பாதையின் வளையத்தைக் கீழே வீசுவார். நவீன அகலப்பாதையில், நவீன டீசல் இன்ஜினில், நவீன எக்ஸ்பிரஸில் இந்தத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற ஆட்டம்தான் நடந்துகொண்டிருந்தது. நான் கேலி செய்வது ஆட்டத்தை அல்ல, பையை. எங்கள் பைகளின் கொக்கிகள் தேய்ந்து போயிருந்தன. புதுப் பை கேட்டு நான் எழுதுவேன். இருப்பில் இல்லை என்று பதில் வரும். திரும்ப எழுதுவேன். முன்பு எழுதியதைக் குறிப்பிட்டு எழுதவும் என்று பதில் வரும். எங்கள் பாயின்ட்ஸ்மேன் சாதிக் பாஷா கோணி ஊசியும் சணலும் வைத்துப் பைகளைத் தைத்துத் தைத்து உயிரோடு வைத்திருந்தார்.

பாஷா தருமபுரிக்காரர். அவர் அப்பாவுக்குச் செருப்புத் தைக்கும் கடை இருந்ததால் கைக்கு ஊசி பழக்கம். ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில்தான் குடும்பம். அவர் பேரில் ஏற்கனவே ஒரு தண்டனை இருந்தது. வேறு ஒருவர் திறக்க மறந்த கேட்டுக்காக, பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு வாங்கியது. இன்னொன்று வந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலை, பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் எங்கள் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றது. எதிரே தெற்கிலிருந்து எக்ஸ்பிரஸ் வர வேண்டும். அது கடந்து போனதும், அது கொண்டுவந்த உண்டையை இயந்திரத்தில் போட்டு, புதிதாக ஒன்றை எடுத்து பாசஞ்சருக்குக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தது. உதவி டிரைவர் வளையத்தை வீசினார். வளையம் பிளாட்பாரத்து முனையில் விழுந்து குதித்தது. பாஷா ஓடிப் போய் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். சணல் அறுந்து பை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

எக்ஸ்பிரஸ் தருமபுரி போய்ச் சேர்ந்து, அங்கே எல்லோரும் டீ குடித்து, வண்டி அதற்கு மேலும் போய்விட்டது. எங்கள் இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்த எக்ஸ்பிரஸ் இன்னும் தெற்கே நடுப்பாதையில் போய்க்கொண்டே இருந்தது. உண்டை உள்ளே விழாமல் அதை நம்ப வைக்க முடியாது. பாசஞ்சரை அனுப்ப வேண்டுமானால், அடுத்த ஸ்டேஷனோடு போனில் பேசி, ரகசிய எண்களைப் பரிமாறிக்கொண்டு, காகிதத்தில் அனுமதி எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கித்தான் அனுப்ப வேண்டும். எழுதினேன். அதற்குள் பாசஞ்சரில் இருந்த பாதிப் பேர் இறங்கி, ரயில்வேக்கு உதவி செய்கிறோம் என்று சரிவில் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சரிவுக்குக் கீழே குச்சிக்கிழங்குக் கொல்லை. அது மாதம்மாவுடையது.

மாதம்மாவைச் சொல்ல வேண்டும். புருஷன் இல்லாத பெண்மணி. பாதைக்குக் கிழக்கே கொல்லை, மேற்கே வீடும் கிணறும் மாடுகளும். மீட்டர் கேஜ் காலத்தில் சிக்னல் கம்பத்துக்கு அப்பால் பாதைக்கு அடியில் ஒரு கல் மதகு இருந்தது. மழைத் தண்ணீர் போக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மாடு தலை குனியாமல் போகும் உயரம். அதன் வழியாகத்தான் மாதம்மா போக வர இருந்தார். அகலப்பாதை போட்ட கான்ட்ராக்டர் மிச்ச மண்ணையும் ஜல்லியையும் எங்கே கொட்டுவது என்று யோசித்து, ஏற்கனவே ஒரு ஓட்டை இருக்கிறதே என்று மதகின் இரண்டு வாயிலும் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து மாதம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற கொல்லைக்குப் போக அரை நாள் பொழுது போகும். மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கிழங்கு அழுகும். அவர் என்னிடம் வந்தார். மதகு பாதை இன்ஸ்பெக்டர் பொறுப்பு என்றேன். அவரிடம் போனார். மண் கான்ட்ராக்டருடையது என்றார் அவர். கான்ட்ராக்டர் கணக்கு முடிந்துவிட்டது என்றது அலுவலகம். கடைசியில் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்த மனு, உரிய நடவடிக்கைக்காக என்று முத்திரை குத்தப்பட்டு, சுற்றிச் சுற்றி என் மேஜைக்கே வந்தது. உரிய ஆள் நான் இல்லை என்று நானும் மேலே அனுப்பினேன். அதை விடச் சுறுசுறுப்பாக ஓடிய வண்டி எங்கள் பாதையில் கிடையாது.

தன் கிழங்குக்குள் பாசஞ்சர் கூட்டம் இறங்கியதைப் பார்த்ததும் மாதம்மா கையில் அரிவாளோடு வந்து நின்றார்.

"யாரு அது எங்கெழங்குல? ரயிலு எறங்கி ஓடற எடமா இது?"

கூட்டம் மரியாதையாக மேலேறி ரயிலில் உட்கார்ந்துகொண்டது. பாசஞ்சர் காகிதத்தோடு கிளம்பிப் போனது. பாதையைப் பராமரிக்கிற கேங்க் ஆட்களும் பாஷாவும் மட்டும் குனிந்து குனிந்து தேடினார்கள். உச்சி வெயில் தாழ்ந்தும் கிடைக்கவில்லை. பாஷா வந்து என் அறை வாசலில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், அது கொல்லையிலதான் வுழுந்துச்சு. சத்தம் கேட்டேன். அங்க இல்லைன்னா யாரோ எடுத்துட்டாங்க."

சாயந்தரம் மாதம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். பிளாட்பாரம் ஓரமாக உட்கார்ந்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னாங்க மாஸ்டரே தொலைஞ்சுது?"

"இரும்பு உண்டைம்மா. இத்தனை பெருசு."

"அது இல்லாட்டி வண்டி போவாதுங்களா?"

"போகும். எழுதிக் குடுத்து மெதுவா அனுப்பணும்."

"அப்பறம் எதுக்கு இம்மாந்தூரம் தேடறீங்க?"

"அது கிடைக்கலைன்னா பாய்க்கு வேலை போயிடும்."

அதைக் கேட்டதும் மாதம்மா பாஷாவைத் திரும்பிப் பார்த்தார். பாஷா கோடையில் ஸ்டேஷன் குழாயிலிருந்து அவர் மாட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறவர். அதற்கும் ஒருமுறை அவருக்கு மெமோ வந்திருந்தது.

"பாய் வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது," என்றார் மாதம்மா. "நாம்பாத்தனுங்க. அந்த உண்டை உருண்டு உருண்டு மதகு மண்ணுக்குள்ள போயிடுச்சு."

உண்டை விழுந்தது பிளாட்பாரத்து முனைக்குக் கீழே, கொல்லைச் சரிவில். அங்கிருந்து மதகுக்குப் போக வேண்டுமென்றால் அது சரிவில் திரும்ப ஏறி, சிக்னல் கம்பத்தைச் சுற்றி, ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். பாஷா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருக்கு என்னை விட முன்னாலேயே விளங்கிவிட்டது.

மறுநாள் காலை விசாரணைக்கு ரயில்வே டிராஃபிக் இன்ஸ்பெக்டர் வந்தார். வேங்கடேசன் என்று பெயர். அவர் வருகிறார் என்றால் பத்து ஸ்டேஷனில் ரிஜிஸ்டர்கள் தூசி தட்டப்படும். குரலை உயர்த்த மாட்டார். எல்லோரையும் வாங்க, போங்க என்பார். உட்காருவதற்கு முன்னால் எந்த நாற்காலியையும் கைக்குட்டையால் துடைப்பார், அவருடைய நாற்காலியாக இருந்தாலும். விதி எண்ணைச் சொல்லி மிரட்டுகிற பழக்கம் கிடையாது. விதிப்புத்தகத்தை நம் கையிலேயே கொடுத்து, நம்மையே படிக்கச் சொல்வார். "சத்தமாப் படிங்க. கேப்போம்." படித்து முடித்தால், "எனக்குப் புரியலை, இன்னொரு தரம்" என்பார். மூன்றாவது தரம் படிக்கும்போது நம் குற்றம் நம் வாயிலேயே தெளிவாக வந்துவிடும். இப்படித் தண்டனை வாங்கினவர்கள் அவரைத் திட்டக்கூட முடியாமல் தவிப்பார்கள்.

அறுந்த பையை மேஜைமேல் வைத்தோம். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தெச்சது?"

"நாந்தாங்க சார்," என்றார் பாஷா.

"நல்லா இருக்கு," என்றார் வேங்கடேசன். அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "புதுசு கேட்டீங்களா?"

நான் கேட்ட விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நேரா பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

மாதம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"எங்கண்ணால பாத்தனுங்க சாமி."

"உருண்டு போச்சா?"

"உருண்டு போச்சுங்க."

"அந்த மேட்டு மேல?"

"ரயில்வே உண்டைங்க. அதுக்குத் தெரியாத வழிங்களா?"

வேங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மண்ணுக்குள்ள போயிடுச்சு. மேல் மண்ணுலயா, அடி மண்ணுலயா?"

"அடி மண்ணுலங்க. முச்சூடும் அள்ளுனாத்தான் கெடைக்கும். இந்தாண்டயும் அள்ளணும், அந்தாண்டயும் அள்ளணும்."

"அள்ளினா கண்டிப்பா கிடைக்குமா?"

"அள்ளிப் பாருங்க சாமி. கெடைக்கலன்னா என்னை வந்து கேளுங்க."

வேங்கடேசன் மாதம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம்மாவும் பார்வையை எடுக்கவில்லை. போலீஸுக்குச் சொல்லி அந்த அம்மாள் வீட்டைச் சோதனை போடச் சொன்னால் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் விதிப்புத்தகத்தை எடுத்தார்.

"டோக்கன் தொலைஞ்சா என்ன செய்யணும்னு இருக்கு. சத்தமாப் படிங்க."

படித்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் தேடுவதற்கு எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிற பொருளில் இருந்தது.

"எல்லா முயற்சியும்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

"மதகுல தேடக் கூடாதுன்னு போட்டிருக்கா? எனக்குப் புரியலை, இன்னொரு தரம் படிங்க."

இன்னொரு தரம் படித்தேன். அப்படிப் போடவில்லை. மூன்றாவது தரம் படிக்கச் சொல்லவில்லை. போனை எடுத்து, பாதை இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, ரயில்வேயின் சொத்து ஒன்று உங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பதாகச் சாட்சி இருக்கிறது, உடனே ஆட்களை அனுப்புங்கள் என்று சாவகாசமாகச் சொன்னார். வருஷக்கணக்கில் யாருடையது என்று தெரியாமல் கிடந்த மண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்.

கேங்க் ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து இறங்கினார்கள். பாஷாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அது அவர் வேலையே இல்லை. அன்று அவர் அள்ளிய வேகத்தைப் பார்த்தால் மதகைப் பெயர்த்து எடுத்துவிடுவார் போலிருந்தது. மாதம்மா ஒரு கல்மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கொட்டுகிற இடம் சரியில்லை என்று இரண்டு முறை ஆட்களைத் திருத்தினார். மத்தியானம் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தார். வேங்கடேசன் குடை பிடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தார்.

ஒரு பக்கம் திறந்து, உள்ளே வெளிச்சம் தெரிய ஆரம்பித்தபோது பாதை இன்ஸ்பெக்டர் சலித்துப் போனார்.

"சார், இவ்வளவு தோண்டியாச்சு. இங்க இல்லை. இருந்தா இந்நேரம் தட்டுப்பட்டிருக்கும்."

"கிடைச்சுதா?"

"இல்லை சார்."

"அப்போ தேடுங்க."

தேடினார்கள். அந்தப் பக்கத்து மண்ணும் போயிற்று. தேங்கியிருந்த சேறு சரசரவென்று வாய்க்காலில் இறங்கிப் போனது. மதகு பழையபடி ஆர்ப்பாட்டமில்லாமல் நின்றது. அதன் கல்லில் ஒன்றுகூடப் பெயரவில்லை. அதற்கு மேலே நாங்கள் கட்டிய அகலப்பாதைச் சுவரில்தான் விரிசல் இருந்தது. மாதம்மா எழுந்து போய் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"புது ஆளுங்களப் பாத்தா மாடு மெரளும். நான் முன்ன போறன். நீங்க பின்ன வாங்க."

மாடுகள் மதகுக்குள் நுழைந்து மறுபக்கம் போயின. எத்தனையோ வருஷம் கழித்து நுழைந்தும் அவற்றுக்கு வழி மறக்கவில்லை. பின்னாலேயே மாதம்மா மறைந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இந்தா கெடக்குது பாருங்க."

ஓடினோம். ஒரு தட்டைக் கல்லின் மேல், வைத்த மாதிரி, உண்டை இருந்தது. பாஷா அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வேங்கடேசன் கையை நீட்டி வாங்கினார். வெட்டியிருந்த எழுத்துகளின் பள்ளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கேழ்வரகு மாவு. மாவுப் பானைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

"பேரைப் படிங்க," என்றார் என்னிடம்.

படித்தேன்.

"நம்ம உண்டைதானா?"

"நம்மதுதான் சார்."

"மண்ணு ஒட்டியிருக்கு."

"ஆமா சார். மண்ணுதான்."

"இந்தப் பக்கம் மண்ணு வாசனையா இருக்கு," என்று சொல்லிவிட்டு உண்டையை என்னிடம் கொடுத்தார். மதகு மண்ணுக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டது என்று அறிக்கை போயிற்று. பாஷாவுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. மாதம்மாவுக்கு ஒன்றும் எழுதி வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. கிளம்பும்போது வேங்கடேசன் அவரிடம் போய், "ரொம்ப உதவி செஞ்சீங்கம்மா" என்றார். "நீங்களுந்தாங்க சாமி" என்றார் மாதம்மா. வேங்கடேசன் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அதன் பிறகு பாஷாவின் மகளுக்குக் கல்யாணம் அந்தக் குவார்ட்டர்ஸிலேயே நடந்தது. மாதம்மா ஒரு மூட்டை குச்சிக்கிழங்கோடு வந்தார். பாஷா நல்லபடியாக ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். நான் கேட்ட புதுத் தோல் பைகள் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். வந்தன. டோக்கன் இயந்திரங்களைக் கழற்றி, பேப்பர் பறக்காமலிருக்க இந்த ஒரு உண்டையை மட்டும் மேஜைமேல் விட்டுவிட்டு, லாரியில் ஏற்றிய பிறகு, ஒரு பெரிய கட்டாக, அவசரம் என்று முத்திரை குத்தி வந்து சேர்ந்தன. ஒன்றில் சரண்யா சார்ஜர் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் பாதையில் மின்சார இன்ஜின் ஓடுகிறது. கடந்து போகிற சக்கரங்களை ஒரு கருவி எண்ணுகிறது. மாஸ்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து மவுஸைத் தட்டினால் சிக்னல் விழுகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. மின்மயமாக்கலோடு அந்தக் கல் மதகையும் இடித்துவிட்டு, நவீன கான்கிரீட் சுரங்கப்பாதை கட்டினார்கள். அதன் தரை வாய்க்காலை விடத் தாழ்வு. ஆகவே ஒரு மழை பெய்தால் மாசக்கணக்கில் உள்ளே தண்ணீர் நிற்கிறது. இறைக்க ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கரண்ட் கனெக்ஷன் இல்லை. தலைக்கு மேலே ரயிலையே இழுக்கிற மின்சாரம் ஓடுகிறது.

விழாவுக்குப் போனேன். பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார், கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் பெரியவர் ஒருவர் இதைப் பார்க்கவே வருகிறார் என்று மேடையில் அறிவித்தார். கூட்டம் கலைந்ததும், முந்தானையை இடுப்பில் செருகியபடி மாதம்மா வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நடை தளரவில்லை. முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. பெட்டிக்குள் உண்டையை வெகு நேரம் பார்த்தார்.

"நம்ம உண்டைதானுங்களே?"

"அதேதாம்மா."

"இப்ப வண்டிக்காரரு கையில என்னாங்க குடுக்கறாங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்லை. எல்லாம் கம்பியிலயே போகுது."

"கீழ எதுவும் வுழாதுங்களா?"

"விழாதும்மா."

மாதம்மா நனைந்த சேலையைப் பிழிந்தார். "அப்பறம் எங்களாட்டம் ஆளுங்க எதைங்க எடுத்து வெச்சுக்கறது? நானும் வருஷக்கணக்கா மனு குடுக்கறன். அந்தத் தண்ணி யாருதுன்னே தெரியலியாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொல்லித் திறக்கிற கதவு எதுவும் இப்போது கிடையாது. அவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுக்குப் பூட்டு கீட்டு இருக்குதுங்களா?"

"கொக்கி மட்டும்தான் போட்டிருக்காங்க. பூட்டு இன்னும் வரலையாம்."

"ஓ," என்றார் மாதம்மா. பிறகு என் பேரப் பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போனார்.

நேற்றுக் காலை சரண்யா போன் செய்தார். குரலில் பதற்றம்.

"சார், கண்ணாடிப் பெட்டி காலியா இருக்கு. உண்டையைக் காணோம். நாளைக்குப் பெரியவர் வர்றாரு. எல்லா இடமும் தேடிட்டோம். பக்கத்துக் கொல்லையில ஒரு அம்மா இருக்காங்க, அவங்க வந்து, உண்டை உருண்டு போயி சுரங்கப்பாதைத் தண்ணிக்குள்ள வுழுந்ததைப் பாத்தேன்னு சொல்றாங்க. பெட்டியில இருந்த உண்டை எப்படி சார் அவ்ளோ தூரம் உருளும்?"

"ரயில்வே உண்டைம்மா. அதுக்குத் தெரியாத வழியா?" என்றேன். "தண்ணியை முழுசா இறைச்சுட்டுத் தேடுங்க. கிடைக்கும்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அரூர்ப் பக்கத்துப் பெண் என்று முதலிலேயே சொன்னேன்.

"சார்," என்றார் பிறகு, நிதானமாக. "மோட்டாருக்குக் கனெக்ஷன் தற்காலிகமாக் கேக்கட்டுமா, நிரந்தரமாக் கேக்கட்டுமா?"